கொட்டிலில் எத்தனை கார்கள்?

பழைய மோட்டார்க் கார்களை வாங்கிக் கழற்றித் திருத்தி, மீண்டும் வீதியில் ஓடவிடுவதில் இன்பங் காண்போர் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பர். என் நண்பரும் அவ்வினத்தவரே. ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 68. அவரது வளவில் கிணற்றடிக்கு அப்பால் ஓர் ஓலைக் கொட்டில் உண்டு. அதனுள்ளே ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் ஒன்று, மொறிஸ் மைனர் ஒன்று, ஒஸ்ரின் ஏ35 ஒன்று, ஆக மூன்று கார்கள் நிற்கின்றன. மூன்றில் ஒன்றேனும் ஓடுவதில்லை.

சென்ற மாரியில் ஓலை ஒழுகி, மைனரின் இருக்கைக்குக் கீழே தண்ணீர் தேங்கிவிட்டது. அதுவே வழக்கு என்னிடம் வருவதற்குக் காரணம். “நீங்களாவது சொல்லுங்கோ, அண்ணை” என்றார் நண்பரின் மனைவியார். “மூன்றும் நிற்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒன்றாவது ஓடட்டுமே!” கனடாவிலிருக்கும் மகனோ மூன்றையும் விற்றுவிடும்படி தொலைபேசியில் வற்புறுத்துகிறான். நண்பர் என்னைக் கொட்டிலுக்குள் அழைத்துச் சென்று, “உம்முடைய எண்ணத்தை ஒளிக்காமற் சொல்லும்” என்றார்.

இத்தகைய விடயத்தில் நானும் தூய்மையானவன் அல்லன். இளமையில் ஒரு மைனரின் எஞ்சினை ஒரே வாரத்தில் முற்றாகக் கழற்றி, ஆணிகளையும் சுரைகளையும் பால்மாப் பேணிகளில் நிரப்பி, பேணிகளில் ஒரு குறிப்பும் எழுதாமல் வைத்தேன். எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என்பது என் மனத்தில் ஆறு மாதம் இருந்தது. பின்னர் மறந்துபோயிற்று. அந்தக் கார் பழைய இரும்பு விலைக்கு நிறையிற் போயிற்று. கழற்றி வைத்த காரிலிருந்து முதலில் அழிவது இரும்பன்று, கழற்றியவனின் ஞாபகம் என்பதை அப்பொழுதே கற்றேன். ஆகையால் நண்பருக்கு நீதி சொல்லுமுன் ஒவ்வொரு காராகப் பார்த்தேன்.

ஏ35 வந்த கதை விநோதமானது. மைனருக்குப் பாகங்கள் எடுக்கலாமென்று வாங்கப்பட்டது அது. எண்ணத்திற் பிழையில்லை. ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் 1952ஆம் ஆண்டில் ஒன்றிணைந்தன. அதன்பின் ஒஸ்ரினின் எஞ்சினே மைனருக்கும் வந்தது. 1956இல் வெளிவந்த மைனர் 1000இலும் அதே ஆண்டின் ஏ35இலும் உள்ளது ஒரே 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின்தான். நண்பரும் ஏ35இன் காபரேற்றரையும் ஸ்ராட்டரையும் கழற்றி எடுத்துவிட்டார். ஆனால் மைனரின் நோய் எஞ்சினில் இல்லையே! தரைத் தகரமும் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகரக் குழலுமன்றோ உக்கிப்போயின? மைனருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, கூடுதான் சட்டம். தரை உக்கினால் முதுகெலும்பே உக்கியதாகும். ஏ35இன் தரையை வெட்டி அங்கே ஒட்ட இயலாது. இரண்டும் வேறு வேறு உடல்கள். ஒரு நோயாளிக்கு வேண்டாத மருந்துக்காக இன்னொரு ஆரோக்கியமான உடலைப் பிரித்துவிட்டார் நண்பர். கடற்காற்று வீசும் எம் ஊரில், துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டும் வேலைக்குத் தேர்ந்த கைகளும் குறைவு.

மைனர்மீது அவருக்குள்ள காதலையும் மறைப்பதற்கில்லை. அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநர் அதனை வரைந்தார். உருவாக்கி முடித்தபின் வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்து, அவ்வாறே 1948இல் வெளியிட்டனர். மூடியின் நடுவே ஓடும் பட்டை அதன் தழும்பு. இந்தக் கதையை நண்பர் எனக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். அன்றும் சொன்னார்.

சொமர்செற்றின் கதை வேறு. அது அவருடைய தந்தையார் வாடகைக்கு ஓட்டிய வண்டி. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாயிற்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியதை எம் தலைமுறையினர் அறிவர். அந்த எஞ்சின்களின் அமுக்கம் குறைவாயிருந்ததனால் அவை அதைப் பொறுத்தன. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதை நீர்க்கச் செய்யும். புகையோ கண்ணைக் கரிக்கும். ஆயினும் ஓடின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவில், வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, நண்பரின் தாயாரோடு ஒன்பது பேர் அவ்வண்டியில் இருந்தனர். நாவற்குழிப் பாலத்தை அணுகும்பொழுது சனநெருக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, நடந்து வந்தவர்களே வண்டியைத் தள்ளினார்களாம். தாயார் இறங்கவில்லை; இறங்கவும் முடியாது, பாரிசவாதம். தந்தையார் 2003இற் காலமான பின் அந்தக் கார் ஒரு நாளும் ஓடவில்லை.

இங்கேதான் சிக்கல். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் அநுமதிக்கப்படும் வரை பழைய கார்களுக்கு ஏறிய விலை தரகர்களுக்கு நல்ல ருசியைக் காட்டிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மூன்றையும் பார்த்துவிட்டு, சொமர்செற்றுக்கு மட்டும் நல்ல விலை சொன்னார். எது இலகுவாக விற்குமோ அதுவே விற்கக்கூடாத காராக நின்றது.

நான் கணக்குப் பார்க்கும்படி சொன்னேன். பணக் கணக்கன்று, கைக்கணக்கு. முழங்கால் நோவோடு அவராற் கிழமையில் இரண்டு காலை, காலைக்கு மூன்று மணி நேரம் வேலை செய்ய முடியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மணி. துருப்பிடித்த ஒரு காரை முழுமையாகத் திருத்துவதென்றால் ஆயிரம் மணி நேரத்தை அது எளிதில் விழுங்கும். ஒரு காருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல். மூன்றையும் முடிக்கும்பொழுது அவருக்கு வயது 78. அதுவரை காத்து நிற்கும் கார்களின் பிரேக் இறப்பர்களும் மின்கம்பிகளின் உறைகளும் சும்மா இருக்குமா? ஒன்றைத் திருத்தும் காலத்தில் மற்றவை இரண்டும் இன்னும் கெடும்.

“அப்படியானால் எத்தனை?” என்றார்.

“ஒன்று” என்றேன். சொமர்செற்றுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. மேலுடல் சிறிது உக்கினாலும் சட்டம் உறுதியாயிருந்தால் வேலை அவர் கைக்குள் அடங்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், சட்டம் கணீரென்றது. ஏ35இன் காபரேற்றரையும் ஸ்ராட்டரையும் அதற்கே திருப்பிப் பூட்டி, ஓட்ட விரும்பும் இளைஞன் ஒருவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அதற்கு அவர் இசைந்தார். மைனரைப் பற்றிப் பேச்செடுத்ததும் மூடியின் பட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நான் எவ்வளவு சொல்லியும் பயனில்லை; என் தீர்ப்பிற் பாதிதான் நிறைவேறியது. இறுதியில் மனைவியாரே ஒரு தவணை விதித்தார். அடுத்த நல்லூர்த் தேருக்கு அவர் சொமர்செற்றில் ஏறிப் போகவேண்டும். போகாவிட்டால் மைனரும் வளவை விட்டுப் போகவேண்டும்.

சென்ற ஞாயிறன்று கோப்பாயிலிருந்து இரு இளைஞர் வந்து ஏ35ஐ ட்ரக்டரில் ஏற்றிச் சென்றனர். நண்பர் படலைவரை நடந்துபோய், கயிற்று முடிச்சை இரண்டு முறை சரிபார்த்தார். மறுநாள் நான் போனபொழுது, அது நின்ற இடத்திற் பாய் விரித்து மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நண்பர் சொமர்செற்றுக்கு அடியிற் கிடந்தார். தலைமாட்டிற் பால்மாப் பேணிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வகுப்பறைக் கையெழுத்தில், ‘முன் இடது சில்லு’, ‘முன் வலது சில்லு’ என்று எழுதி ஒட்டியிருந்தது.