இலவசம் என்றால் எத்தனை ரூபாய்?

இலவசம் என்ற வார்த்தைக்கு நம் வீடுகளில் இருக்கிற மகிமையே தனி. ஒரு கிலோ பருப்பு வாங்கினால் ஒரு டப்பா இலவசம் என்று போட்டிருந்தால், டப்பா வைக்க அலமாரியில் இடம் இல்லாவிட்டாலும் அந்தப் பருப்பைத்தான் எடுக்கிறோம். அப்படியிருக்க, மாதச் சந்தா ஒரு காசு கூட இல்லாமல் வானத்திலிருந்து டெலிவிஷன் இறங்குகிறது என்றால் கேட்க வேண்டுமா? "அந்தப் பெட்டியில் எது நல்லது, எது மலிவு?" என்று விசாரிக்காத வீடு குறைவு.

கேள்வி நியாயமானதுதான். மாதம் 200 ரூபாய் டெலிவிஷனுக்குக் கட்டுகிற குடும்பம் வருஷத்தில் 2,400 ரூபாய் கட்டுகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் அந்தத் தொகை கையில் இருந்தால் எவ்வளவு உபயோகம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். தூர்தர்ஷன் நடத்தும் இந்த ஏற்பாட்டுக்கு இப்போது 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என்று பெயர். 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சானல்களுடன் ஆரம்பமாயிற்று. இன்று நாடு முழுவதும் நான்கரைக் கோடி வீடுகளுக்கு மேல் இதைப் பார்ப்பதாக மதிப்பிடுகிறார்கள். மொட்டை மாடியில் ஒரு டிஷ், அதன் முகத்தில் எல்.என்.பி. என்கிற சிறு கருவி, அங்கிருந்து கூடத்துக்கு ஒரு கேபிள், டெலிவிஷன் பக்கத்தில் ஒரு பெட்டி. எல்லாம் சேர்ந்து சுமார் 2,000 ரூபாய். ஒரு தடவை செலவழித்தால் சரி, அப்புறம் சந்தா கிடையாது.

'சும்மா கொடுக்க அவர்களுக்கு என்ன கட்டாயம்?' என்று உங்களில் சந்தேகக்காரர்கள் கேட்பீர்கள். தூர்தர்ஷன் தன் இடங்களை ஏலம் விடுகிறது. தனியார் சானல்காரர்கள் ஏலத் தொகையைக் கட்டி இடம் பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தை அவர்கள் விளம்பரக்காரர்களிடம் வசூலிக்கிறார்கள். விளம்பரக்காரர்கள் சோப்பு விலையிலும் பற்பசை விலையிலும் வைத்து நம்மிடமே வாங்கிக்கொள்கிறார்கள். ஆக, சந்தா கட்டாவிட்டாலும் குளிக்கும்போது கட்டிவிடுகிறோம்!

இந்த ஏல விஷயத்தை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. பெட்டி வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய சமாசாரம் இதில்தான் அடங்கியிருக்கிறது. எந்த பாஷைக்காரர்கள் அதிகமாக இந்த டிஷ்ஷைப் பார்க்கிறார்களோ, அந்த பாஷைச் சானல்கள்தான் பணம் கொடுத்து இடம் பிடிக்கும். வடக்கே ஹிந்தி பேசும் கிராமங்களில் இது பெரிதாகப் பரவியிருக்கிறது. நம் பக்கத்திலோ கேபிள் முந்திக்கொண்டது. ஆகையால் சானல் பட்டியலைப் புரட்டினால் ஹிந்திதான் கொட்டிக் கிடக்கும். தமிழுக்கு, 2024 ஜனவரி 19 வரை 'பொதிகை' என்று நாம் அழைத்து வந்த 'டி.டி. தமிழ்' இருக்கிறது. மற்றபடி தமிழ் கொஞ்சம்தான். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் எல்லாம் கட்டணச் சானல்கள். இலவசப் பெட்டியை நம்பி அவற்றை எதிர்பார்க்கக் கூடாது.

இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். "நூற்றுக்கு மேலே சானல் வரும்மா" என்பார். பொய்யும் அல்ல. ஆனால் அந்த நூறும் யாருக்கு?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் தாயார் தஞ்சாவூர்ப் பக்கம் தனியாக இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். முழங்கால் வலியால் கோவிலுக்குப் போவதும் நின்றுவிட்டது. மாலை ஆறரைக்குப் பிறகு அந்த அம்மாளுக்குப் பேச்சுத் துணை டெலிவிஷன் சீரியல்கள்தான். மாப்பிள்ளை நல்ல மனிதர், சிக்கனக்காரர். "அம்மாவுக்கு எதற்கு மாதா மாதம் கேபிள்?" என்று கேபிளை நிறுத்திவிட்டு, 600 ரூபாய்க்கு ஒரு பெட்டியும் டிஷ்ஷும் கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் போனில் அந்த அம்மாள் புகார் எதுவும் சொல்லவில்லை. "நன்னா இருக்குடி. எல்லாரும் என்னவோ பேசறா, பார்த்துண்டிருக்கேன்" என்றார். மகளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த வாரமே கேபிள் திரும்ப வந்தது.

இலவசப் பெட்டியே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறவர் ஒருவராகவும், பகல் முழுவதும் அதன் எதிரே உட்காருகிறவர் வேறொருவராகவும் இருப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். கடைக்குப் புறப்படுமுன், அந்த இரண்டாவது ஆளிடம் போய், "நீங்கள் தினமும் என்னென்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் கட்டணச் சானல் சீரியல் நாலு இருந்தால், இந்தப் பெட்டி அந்த வீட்டுக்கு இல்லை. பழைய ஹிந்திப் படமும் செய்தியும் போதும் என்கிற வீடா, ஹிந்தி தெரிந்த அண்டை வீட்டார் வந்து உட்காரும் வீடா, படுக்கை அறையில் இரண்டாவது டெலிவிஷன் சும்மா கிடக்கிறதா, தாராளமாக வாங்கலாம். படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் அரசாங்கச் சானல்களும் இதில் உண்டு. ஆல் இந்தியா ரேடியோவின் ஒலிபரப்புகளும் இதே பெட்டியில் கேட்கும். சாஸ்திரிய சங்கீதத்துக்கென்றே 2016-ல் 'ராகம்' என்று இருபத்து நாலு மணி நேர ஒலிபரப்பு ஒன்றையும் தொடங்கினார்கள். சமையலறையில் கை வேலையாக இருக்கும்போது படம் எதற்கு, பாட்டுப் போதாதா?

சரி, வாங்குவது என்று தீர்மானித்துவிட்டீர்கள். மேலே சொன்ன மாப்பிள்ளையின் 600 ரூபாய்ப் பெட்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. சில சானல்களில் படமே வரவில்லை. அது 'எம்பெக்-2' பெட்டி.

இந்த எம்பெக் என்பது என்ன? டிரங்குப் பெட்டியில் புடவை அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக மடித்தால் பத்துப் புடவை கொள்ளும். இறுக்கிச் சுருட்டி அடுக்கத் தெரிந்தவர் அதே இடத்தில் இருபது வைத்துவிடுவார். வானத்தில் இடம் குறைவு, வாடகை அதிகம். ஆகையால் படங்களையும் மடித்துத்தான் அனுப்புகிறார்கள். பழைய மடிப்புக்கு எம்பெக்-2 என்று பெயர். புதிய இறுக்கமான மடிப்பு எம்பெக்-4. ஃப்ரீ டிஷ்ஷில் இரண்டு விதமும் வருகின்றன. பழைய பெட்டிக்குப் பழைய மடிப்பை மட்டுமே பிரிக்கத் தெரியும். எம்பெக்-4 பெட்டி இரண்டையும் பிரிக்கும். கடையில் மூலையில் கிடக்கும் சரக்கை 'விலை குறைவு' என்று தலையில் கட்டுவது அநேகமாக எம்பெக்-2 ஆகத்தான் இருக்கும். இருநூறு முந்நூறு கூடப் போனாலும் அட்டைப் பெட்டியில் எம்பெக்-4 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தூர்தர்ஷன் அங்கீகாரம் பெற்ற பெட்டியா என்றும் கேளுங்கள். பின்புறம் பி.ஐ.எஸ். பதிவு முத்திரை இல்லாத பெட்டியைத் தொட வேண்டாம். இரவு பகலாக மின்சாரத்தில் கிடக்கும் சாமான் அது.

மற்றபடி அட்டையில் மினுமினுக்கும் வார்த்தைகளுக்கு மயங்க வேண்டியதில்லை. 'ஃபுல் ஹெச்.டி.' என்று போட்டிருந்தால் பெட்டிக்கு அந்தச் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். வருகிற படம் சாதாரணமாக இருந்தால் பெட்டி என்ன செய்யும்? ரேஷன் அரிசியை வெள்ளிப் பாத்திரத்தில் வடித்தால் பாஸ்மதி ஆகிவிடாது.

அதைவிட முக்கியம் உங்கள் டெலிவிஷனின் முதுகு. கடைக்குப் போகுமுன் அதைத் திருப்பிப் பாருங்கள். 2006-ல் தொடங்கி தமிழ்நாடு அரசு கொடுத்த கலர் டெலிவிஷன் போன்ற பழைய கனத்த ஜாதியாக இருந்தால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் இருக்கும். புதிய தட்டை டெலிவிஷனில் தட்டையான ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். மலிவான பெட்டிகள் சிலவற்றில் இரண்டில் ஒன்றுதான் உண்டு. இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், நாளை டெலிவிஷனை மாற்றினாலும் பெட்டி மிஞ்சும்.

இன்னும் ஒரு சங்கதி. சமீப வருஷங்களில் வந்த டெலிவிஷன்கள் சிலவற்றில் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே அமைந்திருக்கிறது. அப்படிப்பட்ட டெலிவிஷன்களுக்கென்று 2022-ல் ஒரு தர நிர்ணயமே இந்தியாவில் வகுக்கப்பட்டது. உங்களுடையதின் பின்னால் 'சாட்டிலைட்' அல்லது 'எல்.என்.பி.' என்று எழுதிய திருகுத் துளை இருக்கிறதா? இருந்தால், தூர்தர்ஷன் பூட்டுப் போடாமல் அனுப்பும் சானல்களைப் பார்க்கப் பெட்டியே வேண்டாம். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை நேரே அங்கே திருகினால் போதும். இதைச் சொல்லிப் பெட்டி வியாபாரியின் விரோதத்தைச் சம்பாதித்துக்கொண்டேன்; போகட்டும்.

டிஷ் எங்கே பார்க்க வேண்டும்? இந்தச் சானல்களை அனுப்பும் ஜிசாட்-15 என்கிற துணைக்கோள், 2015 நவம்பரில் ஏவப்பட்டது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட சரியான தென்கிழக்கு, அக்கினி மூலை. அதுவும் நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கம் இன்னும் சற்றுக் கிழக்கே திரும்ப வேண்டும். ஃப்ளாட்டில் குடியிருந்து, உங்கள் பால்கனி வடமேற்கே பார்க்கிறது, மொட்டை மாடிச் சாவி செயலாளரிடம் இருக்கிறது என்றால், முதலில் அவரிடம் பேசிவிட்டுப் பெட்டியைப் பற்றி யோசியுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். முன்பு கட்டண டிஷ் வைத்திருந்தவர்கள், அது வளையாமல் இருந்தால், திசையை மாற்றித் திருப்பிக்கொண்டு செலவைக் குறைக்கலாம். பழைய கம்பெனிப் பெட்டி மட்டும் உதவாது.

பெட்டியில் மிச்சம் பிடித்தாலும் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய கேபிளும் தளர்ந்த திருகும்தான் பாதித் தொந்தரவுக்குக் காரணம். முனையில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றச் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பது எந்த டிஷ்ஷுக்கும் உண்டு. அந்த அலைவரிசையைக் கனத்த மழை விழுங்கிவிடும். டிஷ் சற்றுப் பெரிதாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். அதே போல் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சில நாட்கள், முற்பகல் பதினொரு மணி வாக்கில் சில நிமிஷம் படம் போய்விடும். சூரியன் சரியாகத் துணைக்கோளுக்குப் பின்னால் வந்து டிஷ்ஷின் கண்ணைக் கூச வைக்கிறது. தானே சரியாகிவிடும். மெக்கானிக்கை வரவழைத்து அவர் கையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கடைத் தெருவில் இன்னொரு குரலும் கேட்கும். "இன்னொரு ஆயிரம் கொடுங்கம்மா, எல்லாக் கட்டணச் சானலும் ஆயுள் முழுக்க ஃப்ரீயா வரும்." இது திருட்டுச் சரக்கு. யாரோ ஒருவர் கட்டிய சந்தாவை இன்டர்நெட் வழியாகப் பலருக்குப் பங்கு போடும் வித்தை. பிடிபட்ட அன்று உங்கள் பெட்டி ஊமையாகும். கடைக்காரருடைய 'ஆயுள்' எத்தனை மாதம் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ரசீது கேட்டுப் பாருங்கள், கொடுக்கமாட்டார்.

கடைசியாக, ரிமோட். இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மலிவுப் பெட்டிகளோடு வருவது சுண்டு விரல் அகலத்தில், எறும்பு சைஸ் எழுத்தோடு இருக்கும். கடையிலேயே கையில் வாங்கி, கண்ணாடி போடாமல் எண்களைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். உடைந்தால் மாற்று ரிமோட் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். ரிமோட் இல்லாவிட்டால் இந்தப் பெட்டிகளில் அநேகம் வெறும் பேப்பர் வெயிட்.

ஏல வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி மாறுவதால் அந்தச் சமயத்தில் சில சானல்கள் காணாமற் போகும், சில புதிதாக வரும். மெனுவில் 'ஆட்டோ ஸ்கேன்' என்பதை ஒரு முறை ஓட்டிவிட்டால் பட்டியல் புதிதாகிவிடும். எந்தப் பொத்தான், அதற்குப் பின் எந்தப் பொத்தான் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி டெலிவிஷனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத அன்றைக்கு வீட்டில் தனியாக இருப்பவருக்கு உதவும்.