நாணம் உயிர்க்கு உறுதியோ?

நாணம் மகளிர்க்கு அணி என்பது தொன்றுதொட்டு வழங்கும் மொழி. ஆயின் உயிரைக் கவரும் நோயையும் அது மறைக்குமாயின், அதனை அணியென்றல் தகுமோ? கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோயைக் கருதியே நாம் இவ்வினாவை எழுப்புகின்றோம்.

அப்படலத்தை ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோன் வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியை அடக்கும். பின்னது குன்றி முன்னதே ஓங்குமாயின், படலம் அளவிறந்து தடிக்கும். அவ்வாறு தடித்தும் சிகிச்சை பெறாதிருந்த மகளிர் 170 பேரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 1985-இல் வெளிவந்தது. உயிரணுக்கள் உருத்திரியாதிருந்தோருள் நூற்றுக்கு 2 பேர்க்கும் குறைவாகவே புற்றுநோய் கண்டது. உருத்திரிந்தோருள் நூற்றுக்கு 23 பேர்க்குக் கண்டது.

இம்முன்னிலையிலேயே அறிந்தால், புரோஜெஸ்டிரோனை ஒத்த மருந்தை வாய்வழியாகவோ, கருப்பையினுள் பொருத்தும் சிறு கருவி வழியாகவோ அளித்துப் பலரைக் குணப்படுத்தலாம். மகப்பேறு விழையும் இளையோர் கருப்பையை இழவாதிருத்தலும் கூடும். எனினும் எல்லார்க்கும் இது பலிப்பதன்று. திசுவை மீண்டும் மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது.

அப்படலத்துள் நோயை எதிர்க்கும் காவலரும் உளர். இயற்கைக் கொல்லி அணுக்களும், டி அணுக்களும், மேக்ரோபேஜ் அணுக்களும் அவண் உறைகின்றன. மாதந்தோறும் புரோஜெஸ்டிரோன் ஓங்குங்காலத்து இயற்கைக் கொல்லி அணுக்கள் பெருகுகின்றன. ஆகவே ஹார்மோனும் காவலரும் தம்முள் தொடர்புடையன என்பது தெளிவு. ஹார்மோன் மருந்து யாவர்க்குப் பலிக்கும் என்பதை அக்காவலர் நிலைகொண்டு அறியலாகுமோ என்று அறிஞர் ஆராய்கின்றனர். முற்றிய புற்றுநோயோ காவலர்க்கே தளையிடுகின்றது. அத்தளையை அவிழ்க்கும் டோஸ்டார்லிமாப் என்னும் மருந்து, மரபணுப் பிழையைத் திருத்தும் ஆற்றல் குன்றிய கருப்பைப் புற்றுநோய்க்கென 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இத்துணை வளர்ந்த மருத்துவமும், நோயுற்றார் வாய் திறவாவிடின் யாது பயன் தரும்? மாதவிடாய் நின்றபின் தோன்றும் உதிரப்போக்கே இந்நோயின் தலையாய அறிகுறி. அப்பருவத்தில் இந்நோயுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர்க்கு அது தோன்றிற்றென்றும், அவ்வுதிரம் கண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர்க்கே புற்றுநோய் இருந்ததென்றும் 2018-இல் வெளிவந்த தொகுப்பாய்வு உரைக்கும். ஆதலின் அஞ்சி நடுங்கவும் வேண்டா. மறைத்து வைக்கவும் வேண்டா. உடனே மருத்துவரை நாடுதலே அறிவுடைமை.

அன்பர்காள்! நம் அன்னையர்க்கும் பாட்டியர்க்கும் இதனைத் தெளிந்த தமிழில் எடுத்துரைத்தல், ஆண் பெண் என்னும் வேற்றுமையின்றிக் கற்றார் அனைவர்க்கும் கடனாம். அவர்தம் உயிரினும் நம் கூச்சம் பெரிதன்று.