வண்ணம் பிறகு, புரொப்பல்லர் முதலில்



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் கரையேறி நிற்கின்றன. உங்களில் சிலர் படகு வைத்திருக்கிறீர்கள். பலர் பங்குக்குப் போகிறீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கரையில் வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று கவனித்து வருகிறேன். முதலில் வண்ணம், அடுத்து எஞ்சின், அதன்பின் வலை. கையில் காசு மிச்சமிருந்தால் கடைசி வாரத்தில் புரொப்பல்லர். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் கருத்து. எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், தண்ணீரைத் தள்ள புரொப்பல்லர் இல்லையென்றால் படகு மிதக்கும் கட்டைதான்.

வோல்டா மின்கலத்தைக் கரும்பலகையில் வரைந்தது நினைவிருக்கிறதா? செம்புத் தகடு, துத்தநாகத் தகடு, நடுவில் நீர்த்த அமிலம். மின்னோட்டம் பாயப் பாயத் துத்தநாகம் கரையும். உங்கள் படகின் அடியிலும் அதேதான் நடக்கிறது. வெண்கலப் புரொப்பல்லர் ஒரு உலோகம், அதைத் தாங்கும் சாஃப்ட் வேறொரு உலோகம், சுற்றிலும் உப்புத் தண்ணீர். அங்கே துத்தநாகக் கட்டி பொருத்தியிருந்தால் அது தான் கரைந்து மற்றவற்றைக் காப்பாற்றும். கட்டி இல்லையென்றால் புரொப்பல்லரோ சாஃப்டோ அரிபடும்.

பாதி கரைந்ததுமே கட்டியை மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் அது வேலை செய்யாது. பொருத்தும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்து, உலோகத்தோடு உலோகம் தொடும்படி முடுக்க வேண்டும்.

புரொப்பல்லரில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டிவிட்டு நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் மாறி ஆங்காங்கே செம்பு போலச் சிவந்திருந்தால், உள்ளிருக்கும் துத்தநாகம் போய்விட்டது என்று பொருள். லேசாகத் தட்டினால் நல்ல உலோகம் மணி போல ஒலிக்கும். அரிபட்டது மந்தமாக ஒலிக்கும். பார்வைக்கு முழுதாக இருந்தாலும் அது நடுக்கடலில் ஒடியக்கூடும்.

இதழ் வளைந்திருந்தால் கரையிலேயே சுத்தியலால் அடித்து நிமிர்த்தாதீர்கள். விரிசல் விழும், எடைச் சமநிலையும் கெடும். படகு அதிரும், பேரிங் தேயும், சாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியும். பட்டறைக்குக் கொண்டுபோய் எடை சரிபார்ப்பதுதான் முறை. சாஃப்டில் சுற்றிய வலை நூலையும் நட்டின் பூட்டையும் மறக்காமல் பாருங்கள்.

வெளிநாட்டில் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் நம் மாணவர் ஒருவர், மடங்கும் புரொப்பல்லரின் படம் அனுப்பியிருந்தார். காற்றில் பாய் விரித்து ஓடும்போது இதழ்கள் பூமொட்டு போல மடங்கிக்கொள்ளும்; எஞ்சின் சுழற்றினால் விரியும். ஆண்டுதோறும் படகைக் கரையேற்றி, அதன் முளைகளும் பற்களும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, துத்தநாகத்தையும் மாற்றுகிறார்களாம். அந்தப் படகில் எஞ்சின் நின்றால் பாய் இருக்கிறது. நம் விசைப்படகில் என்ன இருக்கிறது?

"ஓடுற வரைக்கும் ஓடட்டும் சார், இப்ப காசில்ல" என்பார்கள். தடைக்காலத்தில் வருமானம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு துத்தநாகக் கட்டியின் விலை, புதுப் புரொப்பல்லரின் விலையில் சிறு பங்குகூட இல்லை. இன்னொரு படகு வந்து இழுத்துவரும் செலவைச் சேர்த்தால் கணக்கு தெளிவாகிவிடும்.

நம் கடலில் பணத்தைவிடப் பெரிய கணக்கும் உண்டு. 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோடு மிக அருகில். புரொப்பல்லர் போன படகை நீரோட்டம் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டிய பின் "பழுதாகிவிட்டது ஐயா" என்று சொன்னால் உடனே விட்டுவிடுவார்களா? படகும் போய், ஆளும் சிறையில் இருக்க, வீட்டில் இருப்பவர்கள் அலைவார்கள்.

செலவை முடிவு செய்பவர் உரிமையாளர். பெரும்பாலும் உயிரைப் பணயம் வைப்பவர் பங்குக்குப் போகிறவர். ஆகவே பங்குக்குப் போகும் பிள்ளைகளே, தயங்காமல் கேளுங்கள்: "அண்ணே, அடியில பார்த்தாச்சா? கட்டி மாத்தியாச்சா?" உரிமையாளர்களே, கேட்பவரைக் கோபிக்காதீர்கள். கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஜூன் 14க்கு இன்னும் நாள் இருக்கிறது. வண்ணம் அதற்குப் பிறகும் அடிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்