முதலாளிமாரின் வழக்கறிஞர்

"வக்கீலா? காசு உள்ளவன் பக்கம் பேசுகிறவன்தானே!" என்று தேநீர்க் கடையிலே தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோபம் புரிகிறது. ஆனாலும் அமெரிக்க நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் இளமைக் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு ஏசுங்கள், தோழர்களே!

லூயி பிராண்டைஸ் 1856இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலே பிறந்தவர். பிராக் நகரிலிருந்து கடல் கடந்து வந்த யூதக் குடும்பம். தந்தை தானிய வணிகர். கல்லூரிப் பட்டம் ஏதுமின்றி, 18 வயதிலே ஹார்வர்டு சட்டப் பள்ளியில் நுழைந்தார். கண்பார்வை கெட்டது. ஓடிவிட்டாரா? இல்லை! உடன் பயின்றோர் உரக்கப் படிக்க, காதால் கேட்டே கற்றார். 1877இல் வகுப்பிலே முதல்வர். வயதோ இருபது! பட்டத்துக்கு 21 ஆக வேண்டும் என்றது விதி. விதியைத் தளர்த்திப் பட்டம் தந்தார்கள்.

1879இல், பள்ளித் தோழர் சாமுவேல் வாரனோடு சேர்ந்து பாஸ்டனிலே தொழில் தொடங்கினார். வாரன், காகித ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. ஆகவே கட்சிக்காரர்கள் (கொடி பிடிக்கும் நம் கட்சிக்காரர் அல்ல, வழக்குக் கொண்டு வருபவர்!) ஆலை அதிபர்களும் வணிகர்களுமே. வழக்கு வந்தால் சட்டப் புத்தகத்தோடு அவர் நிற்பதில்லை. சரக்கு எப்படி ஆகிறது, அடக்கவிலை என்ன, இலாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று துருவுவார். வணிக வழக்கிலே வெல்வது குரல் அல்ல, கணக்கு!

1892 வந்தது. ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையிலே கூலித் தகராறு. ஆயுதம் தாங்கிய பிங்கர்ட்டன் ஆட்கள் சுமார் 300 பேரைப் படகிலே ஏற்றி அனுப்பியது நிர்வாகம். இரு தரப்பிலும் பிணம் விழுந்தது. அந்நாளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே வணிகச் சட்டம் பற்றிப் பேசக் குறிப்பு எழுதி வைத்திருந்த பிராண்டைஸ், அதைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று பின்னாளில் தாமே கூறினார். பழைய சட்டம் இந்தப் புதிய ஆலைக்குப் போதாது என்று கண்டுகொண்டார்.

பிறகு 1908இல், சலவைச்சாலைப் பெண்களுக்கு நாளைக்குப் பத்து மணி நேரமே வேலை என்ற ஒரிகன் மாநிலச் சட்டத்துக்காக, கூலி வாங்காமல் உச்ச நீதிமன்றத்திலே நின்றார். நூறு பக்கத்தைத் தாண்டிய மனுவிலே சட்டம் பேசியது இரண்டே பக்கம்! மற்றவை மருத்துவர் சான்று, தொழிற்சாலை ஆய்வாளர் அறிக்கை. திரட்டியவர் அவர் மனைவியின் தங்கை ஜோசபின் கோல்ட்மார்க். ஒன்பது நீதிபதிகளும் ஒப்பினர். பெண் பலவீனமானவள் என்று அந்த மனு பேசியது எனக்கு ஒப்பவில்லை. அது வேறு சண்டை.

தொழிலாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவரும் அல்ல. 1902இல், சங்கங்களைச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும் என்று தொழிலாளர் தலைவர் சாமுவேல் காம்பர்ஸோடு மேடையிலே மல்லுக்கு நின்றார். மறுத்த காம்பர்ஸ் பக்கமே நான்!

1916இல் உச்ச நீதிமன்றப் பதவிக்கு அவர் பெயர் வந்தது. ஒப்புதல் பெற்றது 47க்கு 22 என்ற வாக்கில். அதற்குமுன், வேண்டாம் என்று கையெழுத்திட்டு அனுப்பினார்கள் பாஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள். பணக்காரர் கணக்கேட்டைப் படித்தவர் ஆயிற்றே!