மாமியார் பெட்டியில் மேம்சாகிப் உடுப்பு

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அக்கா, மாமியாரோட டிரங்குப் பெட்டியில் உள்ளே கம்பி வைத்து, முதுகுப் பக்கம் கயிறு கோத்த ஒரு துணி கிடைச்சுது. அவங்க அம்மா பல்லாவரத்தில் ஒரு துரை வீட்டில் ஆயாவா இருந்தாங்களாம். 'விக்டோரியா ராணி காலத்துது'ங்கிறாங்க. ஒரே மஞ்சள் கறை. சோடா போட்டு ஊற வைக்கட்டுமா?"

வேண்டவே வேண்டாம், சகோதரி! அது 'கார்செட்'. கவுனுக்குள்ளே இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை. பரங்கிமலையும் பல்லாவரமும் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த ஊர்கள், அங்கிருந்து வந்திருக்கலாம்.

விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. உங்கள் துணி அந்தக் காலத்ததா? வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து, மேலே வைத்துப் பாருங்கள்.

* கயிறு கோக்கும் ஓட்டைகளில் உலோக வளையம் இருந்தால், 1828க்குப் பிற்பட்டது.
* முன்பக்கம் குமிழும் கொக்கியுமாகத் திறக்கும் இரும்புப் பட்டி, 1850ஐ ஒட்டித்தான் பரவலானது. மெஷின் தையலும் அப்படியே.
* அந்தப் பட்டி அடியில் கரண்டி மாதிரி அகன்று வளைந்திருந்தால், 1870, 80களின் பாணி.
* முன்பக்கம் நேராக இருந்து, காலுறை மாட்டும் பட்டிகள் தொங்கினால், பெரும்பாலும் 1900ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிந்தியது.
* பிளாஸ்டிக் கம்பியோ ஜிப்போ இருந்தால், விக்டோரியாவை மறந்துவிடுங்கள்!

ஒரே அடையாளத்தை நம்பாதீர்கள். பழைய முறைகள் பின்னாலும் தொடர்ந்தன. இருப்பதில் எது கடைசியாக வழக்கத்துக்கு வந்ததோ, துணி அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. உள்பக்கம் கம்பெனி முத்திரை இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏன் ஆகாது? உள்ளே இருப்பது எஃகுப் பட்டி என்றால் துருப்பிடித்துத் துணியை அரிக்கும். திமிங்கிலத்தின் வாய்த் தகடு என்றால் கோணிக்கொள்ளும். முத்திரை மசியும் கரைந்து போகலாம். வெயில், இஸ்திரி, பிளீச்சிங் எதுவும் கூடாது. கஞ்சி போடாத, துவைத்த மல் துணியில் சுற்றி, மடிக்காமல் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால், நம்ம ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

ஆசைக்குக்கூட போட்டு இறுக்காதீர்கள். நைந்த துணி கிழியும், உங்களுக்கும் மூச்சு முட்டும். பிள்ளை பெற்ற வயிறு வற்றுவதற்கென்று இறுக்கும் பெல்ட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். டாக்டரைக் கேட்காமல் கட்டாதீர்கள்.

இன்னொன்று. எந்த வீட்டு அம்மாள் கொடுத்தார், எந்த வருஷம் என்று மாமியாரை இன்றைக்கே கேட்டு எழுதி, துணியோடு வையுங்கள். அதைச் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை.