எண்ணைப் பார்த்துப் பாடினால் என்ன குறைந்துவிடும்?

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பாடற்குழுவுக்குச் சனிக்கிழமை மாலை பயிற்சி. போன வாரம் நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, கீபோர்டு வாசிக்கும் தம்பி, "இது என்னங்கய்யா, போன் நம்பரா? ஸ்டாஃப் நொட்டேஷன் கத்துக்கட்டும், இல்லைன்னா யூட்யூப்ல கேட்டுக்கட்டுமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லாமல் விட மனமில்லை.

தாளில் இருந்தது இவ்வளவுதான். 1 முதல் 7 வரை சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள். மேல் ஸ்தாயிக்கு எண்ணின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. நீட்டச் சிறு கோடு, நிறுத்தப் பூஜ்யம். பாடத் தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

இது நான் கண்டுபிடித்த விளையாட்டல்ல. 1742-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் எண் முறையை வைத்தவர் ரூஸோ. கழகம் ஏற்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் கலேன், பாரீ, ஷெவே என்ற மூவர் அதைச் சீர்படுத்திச் சாமானியருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் இந்தோனேசிய ஆலயங்களில் பாடற்குழுக்கள் எண்களைப் பார்த்துத்தான் நான்கு குரலிலும் பாடுகின்றன.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே 'தோ' என்றால் என்றைக்கும் ஒரே சுருதிதான். நம் காதுக்கு அது ஒட்டாது. சுருதியை எங்கே வைக்கிறோமோ அதுதான் நமக்கு ச. எண் முறையில் 1-ம் அப்படியே. டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கும் தம்பிக்கு இது தெரியாதா?

குறை இல்லாமல் இல்லை. கோட்டில் எழுதினால் ஏற்ற இறக்கம் கண்ணில் படும், எண்ணில் மனம் கணக்குப் போட வேண்டும் என்றார் ராமோ. ரூஸோவே அதை ஒப்புக்கொண்டார். தாளைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டியவருக்கு அது நியாயம். வீட்டில் ஒரு வாரம் பாடிப் பழகுகிறவருக்கு என்ன அவசரம்?

யூட்யூபில் கேட்டால் மெட்டு வரும். ஆல்ட்டோவும் டெனரும் வராது. இருபது வருடம் ஆல்ட்டோ பாடிய ஒரு அம்மா, "இந்தக் கோடெல்லாம் எனக்குப் புரியலைங்க" என்று நின்றுவிட்டார். அவர் குரலில் குறையில்லை. நாம் கொடுத்த தாளில்தான் குறை. அவருக்காகத்தான் எண்களை எழுதினேன். இந்தச் சனிக்கிழமையும் எழுதிக்கொண்டு போவேன். தம்பி சிரிக்கட்டும்.