விண்டோஸ் 10 முடிந்தது: குடாநாட்டின் பழைய கணினிகளுக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. தனியாகப் பதிவு செய்த வீட்டுப் பாவனையாளர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்றது. விண்டோஸ் 11க்கு மாறலாம்தான். ஆனால் இன்டெல் செயலி என்றால் அதற்கு எட்டாம் தலைமுறை வேண்டும். அவை சந்தைக்கு வரத் தொடங்கியதே 2017இல். கனடாவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ உறவினர் பாவித்துவிட்டுக் கொடுத்தனுப்பிய மடிக்கணினிகளில் பல இந்தக் கணக்கில் சேராது. வீடுகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் ரியூஷன் நிலையங்களிலும் நான் காண்பவை பெரும்பாலும் அவைதான்.

"இவ்வளவு நாளும் களவு விண்டோஸில்தானே ஓடியது, அப்டேட் வராவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் கொழும்பைக் காட்டுவேன். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலில்தான் முடிந்திருந்தது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால், பென்ட்ரைவ் கைமாறிக்கொண்டே இருக்கும் நமது கடைக் கணினிகளை யோசித்துப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகத் தாய் எழுதுவித்த முறைப்பாடு, படையினர் வசமுள்ள காணிக்கான கடிதம், உறுதிகளின் ஸ்கான் பிரதி எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. இடப்பெயர்வில் ஒருமுறை பத்திரங்களை இழந்த குடும்பங்களின் இரண்டாவது கோப்புகள் அவை.

ஆகவே லினக்ஸ் என்கிறேன். இலவசம் என்பதற்காக மட்டுமல்ல, பழைய இயந்திரத்துக்கும் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதற்காக. ஆனால் லினக்ஸில் நூற்றுக்கணக்கான வழங்கல்கள் உள்ளன. யூடியூப்பில் தேடினால் ஆளுக்கொன்றைச் சிபாரிசு செய்வார்கள். பெரும்பாலும் "எது இலேசானது" என்பதே அவர்களது கேள்வி. நான் முதலில் கேட்பது வேறு: திருத்தங்களை யார் அனுப்புவார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு? சிங்கள, தமிழ் ஆதரவோடு இலங்கையர் உருவாக்கிய ஹந்தான லினக்ஸ் நல்ல முயற்சி. ஆனால் அது பெடோராவை அடித்தளமாகக் கொண்டது. பெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆதரவு சுமார் 13 மாதங்கள்தான். வருடாவருடம் பதிப்பு மாற்றித்தர ஆளில்லாத வீட்டுக்கு அது சரிவராது.

என் தெரிவு டெபியன். 1993இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. எந்த நிறுவனத்தின் இலாபக் கணக்கும் அதை மூடிவிட முடியாது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13க்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டு நீடித்த ஆதரவும் உண்டு. புதுப்புது வசதிகளைத் திணித்து டேட்டாவை விழுங்கும் பழக்கம் அதற்கில்லை. 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் எக்ஸ்எப்சிஇ முகப்பைப் போடுங்கள். 2 ஜி.பி. என்றால் எல்எக்ஸ்கியூடி. நிறுவும்போதே இவற்றைத் தெரிவு செய்யலாம். முதன்முறையாக லினக்ஸுக்கு வருபவர் விண்டோஸ் சாயலை விரும்பினால் லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எப்சிஇ பதிப்பும் நல்லது. 2029 வரை ஆதரவு உண்டு. 32 பிட் மட்டும் தெரிந்த மிகப் பழைய பெட்டிகளில் டெபியன் 13ஐ நிறுவ முடியாது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் என்றாலும், அந்தப் பெட்டிகளை விட்டுவிடலாம்.

இலேசான லினக்ஸ் போட்டாலும் பயர்பொக்ஸில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் 2 ஜி.பி. திணறும். அது லினக்ஸின் குற்றமல்ல, இன்றைய இணையத்தின் பாரம். அடுத்தமுறை வெளிநாட்டிலிருந்து யாரும் "என்ன கொண்டுவர?" என்று கேட்டால் இன்னொரு பழைய மடிக்கணினி கேட்காதீர்கள். ஒரு எஸ்.எஸ்.டி.யும் பொருத்தமான நினைவகத் தட்டும் கேளுங்கள்.

தமிழ் தட்டச்சுதான் பலரைத் தடுக்கிறது. இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, ஒலியியல் முறை மூன்றும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் கிடைக்கின்றன. பாமினியில் பழகிய கைகளுக்கும் சிக்கலில்லை. பாமினி வெறும் எழுத்துரு. ஆங்கில விசைகளின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியது. எழுத்துருக் கோப்பை டெபியனில் நிறுவினால் லிப்ரே ஒபிஸில் அப்படியே அடிக்கலாம். ஆனாலும் பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது. பாமினி இல்லாத இயந்திரத்தில் அந்த முறைப்பாட்டைத் திறந்தால் தெரிவது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்கள். அதில் மகனின் பெயரைத் தேடினாலும் அகப்படாது.

மாற முடியாதவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கியல் மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரர் அவசரப்பட வேண்டாம். கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். லினக்ஸில் அது படுத்தும் பாடு பிரசித்தம். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சண்டித்தனம் செய்வதில்லை.

எதையும் அழிக்காமலே பரீட்சித்துப் பார்க்கலாம். டெபியனின் லைவ் பதிப்பைப் பென்ட்ரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியை இயக்குங்கள். வைபை, ஒலி, பிரிண்டர், தமிழ் நான்கையும் பாருங்கள். இரண்டு கணினி உள்ள கடை என்றால் முதலில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு மாதம் இரண்டையும் ஓட்டலாம். நிறுவுவதற்கு முன் கோப்புகளை வெளி வன்தட்டில் ஒரு பிரதி, வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். வாடிக்கையாளரின் ஆவணங்களை அவரவர் பென்ட்ரைவில் போட்டுக் கொடுங்கள்.